பாம்பு சட்டை மாற்றும் வாரம்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில், செம்மங்குப்பம், ஆலப்பாக்கம் பக்கத்து ஊர்களில் சவுக்கு மிலாறு பொறுக்குகிறவர்களுக்கும் வைக்கோல் போர் பிரிக்கிறவர்களுக்கும் பாம்புச் சட்டை புதிதல்ல. குச்சியால் தூக்கிப் பார்த்துவிட்டு, "யம்மாடி, ஆறடி இருக்கும்" என்பார்கள். பாம்பு ஐந்தடிதான் இருந்திருக்கும். செதிலுக்கும் செதிலுக்கும் நடுவே மடிந்து கிடக்கும் மெல்லிய தோலும் உரியும்போது இழுபட்டு விரிகிறது. அதனால் சட்டை, அதைப் போட்டிருந்த பாம்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நீளமாக இருக்கும். ஊர்க்கதைகளில் பாம்புகள் நீண்டுகொண்டே போனதில் இதற்கும் பங்கு இருக்கலாம்.

நம் தோலும் உரிகிறது. ஆனால் தூசிபோல நாள்தோறும் உதிர்வதால் கவனிப்பதில்லை. பாம்பின் மேல்தோல் கெரட்டின் என்ற புரதத்தால் ஆன உயிரற்ற போர்வை; நம் நகமும் முடியும் அந்தப் புரதந்தான். அது தேயும், கிழியும், வளராது. பாம்போ மெதுவாகவேனும் ஆயுள் முழுக்க வளர்கிறது. எனவே பழைய தோலுக்கு அடியிலேயே புதுத்தோல் ஒன்று, செதிலுக்குச் செதில், முழுதாக உருவாகிறது. அதன்பின் இரண்டுக்கும் நடுவே நிணநீர் போன்ற திரவம் சுரக்கிறது. அதிலுள்ள நொதிகள் இணைப்பைக் கரைத்துவிடுகின்றன. குட்டிகளுக்கு இது சில வாரங்களுக்கு ஒருமுறை நடக்கும், வளர்ந்தவற்றுக்கு ஆண்டில் சில தடவை.

வெளியே நமக்குத் தெரிவது நிறம் மங்குவதுதான். பிறகு கண். பாம்புக்கு இமை இல்லை என்று சொல்வது பாதி உண்மை. கருவில் இருக்கும்போதே இமைகள் ஒட்டி, கண்ணை மூடிய ஒரு கண்ணாடிச் செதிலாகிவிடுகின்றன. அதுவும் தோல்தான், அதையும் மாற்றியாக வேண்டும். அடியில் திரவம் சேரும் நாட்களில் கண் வெளிர்நீலமாகிவிடும். அப்போது பாம்புக்குப் பார்வை சரியாக இருக்காது. இரையைத் தொடாது, பதுங்கியே கிடக்கும், தொட்டால் சட்டென்று சீறும்.

இந்தக் கண்ணாடிக்குள் ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன என்பது இன்னும் வியப்பு. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண நாட்களில் இந்தக் குழாய்களில் ரத்தம் விட்டு விட்டுத்தான் ஓடுகிறது என்று கண்டார்கள். ஆபத்து என்று தோன்றினால் பாம்பு குழாய்களைச் சுருக்கி ரத்தத்தை நிறுத்திவைக்கிறது. பார்வையை மறைக்கும் திரையை வேண்டும்போது விலக்கிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். சட்டை மாறும் காலத்தில் மட்டும் ரத்தம் தடையில்லாமல் பாய்கிறது, புதுத்தோல் வளர்ந்தாக வேண்டுமே.

நீலம் தெளிந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு. தெளிந்து சில நாள் கழித்துத்தான் உரியும். கல்லிலோ வேரிலோ மூக்கைத் தேய்த்து, உதட்டோரத்தில் ஒரு கிழிசல் உண்டாக்கி, பாம்பு முன்னால் ஊர்ந்து போகிறது. காலுறையை மேலிருந்து சுருட்டிக் கழற்றினால் உள்பக்கம் வெளியே வருமே, அப்படித்தான் சட்டையும் உள்வெளியாகப் புரண்டு பின்னால் தங்குகிறது.

தேய்க்கக் கல்லும் வேரும் இல்லாத நடுக்கடலில் என்ன செய்யும்? முடசலோடை, பரங்கிப்பேட்டை மீனவர்களின் வலையில் கடற்பாம்பு சிக்குவது வழக்கந்தான். வங்கக் கடலிலும் வாழ்கிற மஞ்சள் வயிற்றுக் கடற்பாம்பு, தன் உடலையே முடிச்சாகப் போட்டு, அந்த முடிச்சைத் தலையிலிருந்து வால்வரை நகர்த்தித் தோலை உரித்துக்கொள்கிறது. கடற்பாம்புகள் தரைப் பாம்புகளைவிட அடிக்கடி சட்டை மாற்றும். உடம்பில் ஒட்டும் பாசியும் கொட்டலசும் அதோடு போய்விடும்.

இத்தனைக்கும் வேண்டியது ஈரம். காற்று வறண்டால் நடுத் திரவம் வற்றி, சட்டை துண்டு துண்டாக ஒட்டிக்கொள்ளும். கடலூர்ப் பக்கத்து உப்பனாற்றங்கரைப் பாம்புக்கு இந்தக் கவலை பெரிதாக இல்லை. கடற்காற்று இருக்கிறது, எலி வளையும் புற்றும் இருக்கின்றன. வளைக்குள் எந்தக் கோடையிலும் கொஞ்சம் ஈரம் நிற்கும்.

பிடித்து வைத்திருக்கும் பாம்புக்கும் இந்த ஈரம் வேண்டும். தமிழ்நாட்டில் சட்டப்படி நம் நாட்டுப் பாம்புகளைக் கையாளும் இடங்களில் முக்கியமானது, 1978இல் தொடங்கி, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். விஷமுறிவு மருந்துக்காக நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து, சில வாரம் வைத்திருந்து, விஷம் எடுத்துவிட்டுக் காட்டில் விடுகிறார்கள். வைத்திருப்பது மண்பானையில். அடியில் மண், வாயில் பருத்தித் துணிக் கட்டு. வெளிநாட்டில் பாம்பு வளர்ப்போர் காசு கொடுத்து வாங்கும் ஈரப் பெட்டியின் வேலையை இந்தப் பானை சும்மாவே செய்துவிடுகிறது: இருட்டு, குளிர்ச்சி, காற்றோட்டம், மண்ணில் நிற்கும் ஈரம். விடுவதற்கு முன் வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டுவார்கள், அதே பாம்பை உடனே மறுபடி பிடித்துவிடாமலிருக்க. சில சட்டைகள் மாறியதும் அந்த அடையாளமும் மங்கிவிடும். இச்சங்கத்தோடு இணைந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பாம்பின் தடத்தையும் எச்சத்தையும் சட்டையையும் வைத்தே பொந்தைக் கண்டுபிடிக்கிற மரபு அவர்களுடையது.

மற்றபடி நாட்டுப் பாம்பை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சாரைக் குட்டியாக இருந்தாலும் சரி. வெளிநாட்டு இனம் என்றாலும், பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள ஆப்பிரிக்கப் பந்து மலைப்பாம்பு போன்றவற்றை வைத்திருப்பவர்கள் 2024இல் வந்த விதிகளின்படி அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்கு வந்த ஒருவரின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள் இருந்தன. அந்த வழியில் வந்த பாம்பை ஆசைக்குக்கூட வாங்கக்கூடாது என்பது என் கட்சி.

முறையாகப் பதிவு செய்து வளர்ப்பவருக்குச் சட்டை மாறும் வாரத்தில் வேலை குறைவுதான். ஏசி அறைதான் முதல் எதிரி. பந்து மலைப்பாம்புக்கு அந்நாட்களில் காற்றின் ஈரப்பதம் 60, 70 சதவீதமாவது வேண்டும். ஒரு மூடிய டப்பாவில் துளை போட்டு ஈரப் பாசி வைத்தால் அது தானே உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். உரசிக்கொள்ள ஒரு சொரசொரப்பான கட்டை, குடிக்கச் சுத்தமான தண்ணீர். தூக்கிக் கொஞ்ச வேண்டாம், இரையும் வேண்டாம். உரிந்த பிறகு சட்டையை விரித்துப் பார்க்க வேண்டும்: தலைப்பக்கம் இரண்டு வட்டக் கண்ணாடிகளும் இருக்கின்றனவா, வால்நுனி முழுதாக வந்திருக்கிறதா? வால்நுனியில் வளையமாகத் தங்கும் பழைய தோல் ரத்த ஓட்டத்தை இறுக்கி நுனியை அழுகச் செய்துவிடும். மிச்சம் இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் சற்றுநேரம் விட்டு, ஈரத் துண்டுக்குள் ஊர்ந்து போகவிட்டாலே பெரும்பாலும் வந்துவிடும். கண்ணில் ஒட்டியதை மட்டும் நகத்தால் தொடவே கூடாது; கால்நடை மருத்துவரிடந்தான் போக வேண்டும். அடிக்கடி இப்படி ஆனால் பாம்பின்மீது உண்ணி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கழற்றிப் போட்ட சட்டைக்கும் ஆள் உண்டு. மைனா தன் கூட்டில் பாம்புச் சட்டையைச் செருகிவைக்கும். அமெரிக்காவின் ஆர்கன்சாவில் நடந்து 2006இல் வெளியான ஆய்வொன்றில், சட்டை வைத்த கூடுகளைப் பறக்கும் அணில்கள் தொடவில்லை. மைனா அதற்காகத்தான் வைக்கிறதா என்று அடித்துச் சொல்ல நான் தயாரில்லை.

சட்டையைப் படிக்கவும் முடியும். நிறம் ஏறக்குறைய போயிருக்கும், செதில் கணக்கு அப்படியே இருக்கும். செதிலின் நடுவே மேடான கோடு ஓடி, தலையிலும் சின்னச் சின்னச் செதில்களே நெருங்கியிருந்தால் விரியன் என்று சந்தேகப்படலாம். முதுகின் நடுக்கோட்டில் அறுகோணமான பெரிய செதில்கள் வரிசையாக ஓடி, வாலின் அடிப்பக்கத்துச் செதில்கள் இரண்டாகப் பிரியாமல் ஒற்றை வரிசையாக இருந்தால் கட்டுவிரியன். பார்வைக்கு அதைப்போலவே இருக்கும், விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனுக்கு நடுக்கோட்டுச் செதில் பெரிதாக இருக்காது, வாலடிச் செதிலும் இரட்டை வரிசை. கட்டுவிரியன் சட்டை வீட்டுக்குள் கிடைத்தால், தரையில் பாய் போட்டுப் படுப்பதை அன்றே நிறுத்திவிட வேண்டும். கட்டில் இல்லாவிட்டால் கொசுவலையைக் கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிவிட்டுப் படுக்கலாம்.