புழு கற்றுத்தந்த வெட்டு

ஏறி நிற்கும் கட்டையிலேயே, இரு பாதங்களுக்கு நடுவே கோடரியை இறக்க வேண்டும். அமெரிக்காவில் 1985-ல் தொடங்கிய 'டிம்பர்ஸ்போர்ட்ஸ்' மரம்வெட்டும் போட்டியில் இது ஒரு பிரிவு. மொத்தமுள்ள ஆறு பிரிவுகளில் மூன்று கோடரிக்கு, ஒன்று கை ரம்பத்துக்கு. மிச்சம் இரண்டு சங்கிலி ரம்பத்துக்கு. அதில் ஒன்றில், எஞ்சினை மாற்றியமைத்து வேகம் கூட்டிய ரம்பத்தால் 46 செ.மீ. விட்டமுள்ள கட்டையில் மூன்று வில்லைகளை அறுத்துத் தள்ளுகிறார்கள். தேர்ந்தவர்களுக்குப் பத்து வினாடிகூட ஆவதில்லை.

இந்த வேகத்துக்கு வழிகாட்டியது ஒரு புழு. ஆரிகன் மாநில மரம்வெட்டி ஜோசப் காக்ஸ், மரத்தைக் குடையும் வண்டுப் புழு இழைப்போக்கிலும் குறுக்கிலும் சிரமமின்றி அரித்துச் செல்வதை 1946-ல் கவனித்தார். அதன் தாடையைப் பார்த்து அவர் உருவாக்கிய பற்கள்தான் இன்றைய ரம்பச் சங்கிலிக்கு முன்னோடி.

வேகத்தோடு ஆபத்தும் வந்தது. ஓடும் ரம்பத்தின் மேல்நுனி மரத்தில் இடித்தால், அது பிடித்திருப்பவர் முகத்தை நோக்கியே எகிறும். அப்போது சங்கிலியை நிறுத்தத்தான் முன்கைப்பிடியருகே பிரேக். காலுக்கோ தனிக் கால்சட்டை: பல் பட்டதும் உள்ளிருக்கும் இழைகள் சங்கிலியில் சுற்றிக்கொண்டு அதை நிறுத்திவிடும்.

கோடரிக்காரர்களும் சும்மா ஏறுவதில்லை. அவர்கள் காலில் இரும்பு வளையங்களால் பின்னிய உறை. கருவி பழசோ புதுசோ, காலுக்குக் காவல் இல்லாமல் களம் இல்லை.