அணை மண்ணும் புட்டு மாவும்



எபிசோட்ல தொட்ட மண் அணை விஷயத்தை இங்கே கொஞ்சம் விரிவா எழுதறேன்.

பே ஏரியாவில் மில்பிடாஸ், ஃப்ரீமான்ட் பக்கம் இருக்கறவங்களுக்கு கலவேராஸ் ரோடு தெரிஞ்சிருக்கும். அந்த மலைக்குள்ள இருக்கற கலவேராஸ் அணை, 1918 மார்ச்சில், கட்டிக்கிட்டிருக்கும்போதே சரிஞ்சது. நீர்த்தேக்கத்தைப் பார்த்த பக்கம் அப்படியே வழுக்கி உள்ளே போயிடுச்சு. பூகம்பம் காரணமில்லை. கட்டின விதம்தான் காரணம்.

அப்போ மண்ணைத் தண்ணீரில் கரைச்சு, ஓடவிட்டு, படியவிட்டே அணை கட்டுவாங்க. செலவு கம்மி. பெரிய மணிகள் ஓரத்துல தங்கும். நைஸான களிமண் நடுவுல சேரும். ஆனா அந்த நடுப்பகுதி ரொம்ப நாள் கூழாவே இருந்து, ரெண்டு பக்கச் சரிவையும் வெளியே தள்ளும். ரோலர் ஓட்டி யாரும் இறுக்கறதில்லை.

மண் சரிவு நிற்கறதுக்கு முக்கிய காரணம், மணிகள் ஒன்றோடொன்று அழுத்தி உரசுவதுதான். லூஸா கிடக்கும் ஈர மணலைக் குலுக்கினா அது சுருங்கப் பார்க்கும். இடையில் உள்ள தண்ணீர் வெளியேற வழியில்லை. பாரத்தை அதுவே தாங்க ஆரம்பிக்கும். உரசல் போச்சு, மண் ஓடும். 1971 பிப்ரவரி பூகம்பத்தில் லாஸ் ஏஞ்சலஸ் அருகே லோயர் சான் ஃபெர்னாண்டோ அணைக்கு நடந்தது இதுதான். அதுவும் கரைச்சு கட்டினதே. தண்ணீருக்கு மேலே மிஞ்சின கரை சுமார் 5 அடி. கீழே இருந்த சுமார் 80,000 பேரை வெளியேத்தினாங்க. நல்லா இறுக்கின மண் இதுக்கு நேர்மாறு: அசைக்கும்போது விரியப் பார்க்கும், மணிகள் இன்னும் கெட்டியா பிடிச்சுக்கும்.

சரி, எவ்வளவு இறுக்கறது? 1933ல் லாஸ் ஏஞ்சலஸ் குடிநீர்த் துறை இன்ஜினியர் ரால்ஃப் ப்ராக்டர் இதை அளக்க வழி சொன்னார். என்னைக் கேட்டா, புட்டு மாவுதான் சரியான உதாரணம். தண்ணீர் குறைஞ்சா பிடிச்ச மாவு உதிரும், கூடினா களியாகும். மண்ணுக்கும் அப்படி ஒரு பதம் இருக்கு. காய்ஞ்ச மண்ணை எவ்வளவு உருட்டினாலும் இடைவெளி மிஞ்சும், அணை நிரம்பும்போது நனைஞ்சு அமுங்கிடும். ஈரம் மிஞ்சினா ரோலர் தண்ணீரைத்தான் அழுத்தும், மண்ணை இல்லை.

கலவேராஸ் அணை, அதே பெயருள்ள நிலநடுக்கப் பிளவுக்குப் பக்கத்திலேயே இருக்கு. அதனால 2001ல் நீர் இருப்பைப் பாதிக்கும் கீழே இறக்கினாங்க. பழைய அணைக்குக் கொஞ்சம் கீழே புதுசு கட்டி முடிக்க 2019 ஆச்சு. இதுவும் மண்ணும் பாறையும்தான், ஆனா லேயர் லேயரா போட்டு ரோலர் ஓட்டினது. இப்படிக் கட்டும்போது ஈரமும் அடர்த்தியும் சோதிப்பாங்க. தேறலைன்னா அந்த லேயரை மறுபடி உருட்டணும், இல்லேன்னா வழிச்சு எடுத்துட்டுத் திரும்பப் போடணும்.