உண்டபின் வரும் அசதி

நோன்பு திறந்ததும் சர்பத், சமோசா, பிரியாணி என வயிறு நிரம்ப உண்டுவிட்டு, தராவீஹில் நிற்க இயலாமல் சோர்ந்து அமர்வோர் நம்மில் பலர். அவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசிவிடாதீர்கள். அரிசி, மைதா, சர்க்கரை ஆகியவை விரைவில் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அதனை உடல் ஏற்கக் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. ஒரே வேளையில் அளவு மிகுந்தால் அயர்வு மேலிடுகிறது.

சுன்னத்தான முறைப்படி பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டு நோன்பு திறந்து, மஃரிபுக்குப்பின் சோற்றைக் குறைத்து, பருப்பு, காய்கறி, மீனைக் கூட்டி உண்ணுங்கள். அதன்பின்னும் கடும் அசதி நீடித்து, மிகுதாகமும் அடிக்கடி சிறுநீர் கழித்தலும் சேர்ந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். வெறும் வயிற்றில் 100 மில்லி இரத்தத்தில் சர்க்கரை 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருப்பது நீரிழிவைக் குறிக்கும். மறுமுறையும் சோதித்து உறுதிசெய்வர்.

உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதனைப் பேணும் நற்பேற்றை நம் அனைவருக்கும் அவன் தந்தருள்வானாக! ஆமீன்.