பல் மருத்துவமும் கணிப்பொறி தரும் சான்றும்

'பல் போனால் சொல் போச்சு' என்பது நம் முன்னோர் மொழி. சொல்லைப் பேணும் தமிழ்த்துறை மலரில் பல்லைப் பற்றி எழுதுவதற்கு இதுவே தக்க காரணமாகும். பல் மருத்துவர் தம் முடிவுக்கு எதனைச் சான்றாகக் கொள்வது, அச்சான்றைத் தேடக் கணிப்பொறி எவ்வாறு துணைபுரிகின்றது என்பனவற்றை ஈண்டுக் காண்போம்.

சான்று கண்டு மருத்துவம் செய்தல் தஞ்சைக்குப் புதியதன்று. 1798 முதல் 1832 வரை அரசிருந்த இரண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ ஆய்வுக்கூடத்தை நடத்தினார். நம் நாட்டு மருத்துவ முறைகளோடு மேனாட்டு மருத்துவமும் அங்கு ஆராயப்பெற்றது. பயன்கண்ட மருந்து முறைகள் தமிழ்ச் செய்யுள்களாக இயற்றப்பெற்றன. அவை பிற்காலத்தில் 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்னும் நூல்வரிசையாக வெளிவந்தன. கண்நோயாளர் பற்றிய குறிப்புகள் படங்களுடன் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் உள்ளன. கண்டதை எழுதிவைத்தாலன்றி அது பிறர்க்குச் சான்றாகாது என்பதை அவை உணர்த்துகின்றன.

'சான்றுசார் மருத்துவம்' என்னும் பெயர் 1990களின் தொடக்கத்தில் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவர்களால் வழங்கலாயிற்று. ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 1993இல் தோன்றியது. 1997இல் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 'பப்மெட்' தேடற்களத்தைக் கட்டணமின்றித் திறந்தது. பெருநகர நூலகங்களில் மட்டுமே கிட்டிய ஆய்வுச் சுருக்கங்கள் மன்னார்குடியிலும் பட்டுக்கோட்டையிலும் உள்ள மருத்துவர்க்கும் எட்டும் நிலை இவ்வாறு உருவாயிற்று.

எனினும், விசைப்பலகையைத் தட்டத் தெரிவது மட்டும் கணிப்பொறித் திறனாகாது. வினாவைச் செம்மையாக அமைத்தல் முதற்படி. எவ்வகை நோயாளர்க்கு, எந்தச் சிகிச்சை, எதனோடு ஒப்பிட, என்ன பயன் தரும் என நான்காகப் பகுத்து வினவுதல் வேண்டும். கிடைத்ததை எடைபோடுதல் அடுத்த படி. ஆய்வுக்கு உட்பட்டோர் எத்தனை பேர், இறுதிவரை கவனிக்கப்பட்டோர் எத்தனை பேர், பொருளுதவி செய்தவர் யார் என்பன நோக்கத்தக்கவை. மருந்து நிறுவன முகவர் தரும் வண்ணத்தாளுக்கும் நடுநிலை ஆய்வுக்கும் வேறுபாடு அப்போதுதான் புலப்படும்.

2003இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பொன்று 70 ஆய்வுகளின் முடிவுகளை ஒருங்கிணைத்தது. ஃபுளோரைடு கலந்த பற்பசை, சிறுவர்க்கும் வளரிளம் பருவத்தினர்க்கும் பற்சொத்தையைச் சராசரியாக 24 விழுக்காடு குறைக்கின்றது என அது கண்டது. ஒரு மருத்துவர் தம் வாழ்நாள் அனுபவத்தால் மட்டும் இவ்வளவைத் துணிந்துரைத்தல் அரிது.

நம் காவிரிப் படுகைக்கு இன்னும் நெருக்கமானது பாக்கு பற்றிய செய்தி. கொடிக்கால்கள் செழித்த இம்மண்ணில் வயல்வேலை செய்வோர் பலர்க்கு வெற்றிலைப் பாக்கு நாளெல்லாம் துணை. தீங்கு புகையிலையால் மட்டுமே என்று பலர் கருதுகின்றனர். புகையிலை கலவாத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் விளைவிக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட நூல் தெளிவுறுத்தியது. வாய் மெல்ல மெல்லத் திறவாது போகும் நோய்க்கும் பாக்கே முதன்மைக் காரணம். இதனை அறிந்த மருத்துவர், "புகையிலையை விடுங்கள்" என்பதோடு நில்லாமல் "பாக்கையும் விடுங்கள்" என்பார். அவ்வொரு சொல்லில் ஓர் உழவரின் உயிர் அடங்கியிருக்கலாம்.

இவ்வாய்வுகளுட் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. சரபோஜி காலத்துப் புலவர் மருந்து முறைகளைத் தமிழாக்கியது போல, இன்றைய சான்றுகளை எளிய தமிழில் மக்களிடம் சேர்த்தல் தமிழ் பயில்வோர் கடன். மருத்துவர் தேடுக; தமிழறிந்தோர் எடுத்துரைக்க; மக்கள் நலம் பெறுக.