குளியலறை நாற்றத்துக்கு மருந்து ஆசிட் அல்ல

தண்ணீர்தான் மூடி

குளியலறையில் சாக்கடை வாடை வந்தால் அந்துருண்டை போடுகிறோம், இல்லையென்றால் ஆசிட் ஊற்றுகிறோம். இரண்டுமே காரணத்தைத் தொடுவதில்லை. தரையில் சல்லடைக்குக் கீழே இருக்கும் நஹானி ட்ராப்பிலும், வாஷ்பேசினுக்கு அடியில் வளைந்திருக்கும் குழாயிலும் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். சாக்கடைக் காற்று வீட்டுக்குள் ஏறாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். புழங்காத குளியலறையில் அது வற்றிப்போகும். வற்றினால் வழி திறந்துகொள்ளும். வெறும் வாடைதானே, இதனால் நோய் வருமா என்று கேட்பவர்கள் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் நடந்ததை அறிய வேண்டும். 2003 மார்ச்சில் அங்கே 300-க்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் தொற்றியது; 42 பேர் இறந்தார்கள். வயிற்றுப்போக்குடன் வந்த ஒரு நோயாளியின் கழிவிலிருந்த கிருமி, தண்ணீர் வற்றிய ட்ராப்கள் வழியாக, எக்ஸாஸ்ட் ஃபேன் இழுத்த காற்றோடு பல வீடுகளுக்குள் நுழைந்திருக்கலாம் என்பது விசாரணை சுட்டிக்காட்டிய முக்கிய வழி. அது அடுக்குமாடி, நம்முடையது தனிவீடு என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய் வாயில் வலை இல்லையென்றால், யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு உள்ளே போய் முட்டையிடும். புழங்காத ட்ராப்பில் வாரம் ஒரு குவளை தண்ணீர், குழாய் வாயில் ஒரு கொசுவலை: செலவு அவ்வளவுதான்.

அடைப்பு எங்கே?

எதையும் ஊற்றுமுன் அடைப்பு இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே ஒரு சிங்க் மட்டும் மெதுவாக வடிந்தால் கோளாறு அதன் வளைவிலேயே இருக்கிறது. சமையலறையில் எண்ணெய்ப் பிசுக்கு, குளியலறையில் தலைமுடி. அடியில் வாளி வைத்து, வளைவைக் கழற்றிக் கழுவினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். மாடியில் ஃபிளஷ் செய்யும்போது கீழ்த்தளத் தரைத் துளையில் தண்ணீர் பொங்கினால் பிரதான குழாய் அடைத்திருக்கிறது, அல்லது டேங்க் நிறைந்திருக்கிறது. தண்ணீர் இறங்கும்போது பக்கத்துத் துளையில் களகளவென்று சத்தம் வந்தால் காற்றுக்குழாயையும் பார்க்க வேண்டும். ஆசிட் ஊற்றினால் உடனே தீர்கிறதே என்பார்கள். சில நேரம் தீரும். ஆனால் முடியையும் பிசுக்கையும் அது சரியாகக் கரைப்பதில்லை. கழிப்பறை ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய சின்னக் குளியலறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கும், உயிரையும் பறிக்கும். இவை இரண்டையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் புழங்கவே கூடாது.

டேங்கில் ஆள் இறங்கக்கூடாது

செப்டிக் டேங்கை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை உறிஞ்சு லாரி வைத்து எடுப்பதே முறை. நிறைந்து பொங்கும்வரை விட்டுவிடுவதால்தான் அடியில் இறுகிய கசடைச் சுரண்ட ஆளை இறக்கும் கொடுமை இன்னும் நடக்கிறது. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு, அளவு கூடினால் மூக்கின் உணர்வையே மரக்கச் செய்யும்; வாடை இல்லை என்று நம்பி இறங்குபவர் மயங்கி விழுவார், காப்பாற்றப் போகிறவரும் கூடவே விழுவார். அவரே சம்மதித்துத்தான் இறங்குகிறார் என்ற வாதம் ஏற்கத்தக்கதல்ல. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. கூலிக்கு வந்தவரின் சம்மதம் அதை மாற்றாது. இப்படி நேரும் சாவுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023-இல் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. லாரிக்காரரே ஆளை இறக்கிக் கழுவித் தருகிறேன் என்று சொன்னாலும், வேண்டாம் என்று வீட்டுக்காரர் மறுத்துவிட வேண்டும்.