உங்களுக்குத் தெரியுமா? – கடலூர், சிதம்பரம்: கையூட்டும் கணக்கும்

ஊழல் என்றதும் தலைநகரத்தைத்தான் நினைப்போம். கடலூர் மாவட்டத்துக்குள்ளேயே 300 ஆண்டுக்கு மேற்பட்ட சரக்கு இருக்கிறது. அதிலிருந்து சில துணுக்குகள்:

பீரங்கி அளந்த நிலம்
1690-ல் கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. சுற்றியுள்ள நிலத்தில் எதுவரை கம்பெனிக்கு? பீரங்கியைச் சுட்டு, குண்டு விழும் தூரம்வரை! கடலூர் ஊரும் அதற்குள் வந்துவிட்டது. ‘குண்டு கிராமங்கள்’ என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

பதவி போச்சு, பெயர் நின்னுச்சு
அந்தக் கோட்டை கம்பெனி கைக்கு வந்தபோது சென்னைக் கவர்னர் எலிஹு யேல். பதவியைப் பயன்படுத்திச் சொந்த வியாபாரத்தில் பணம் சேர்த்தார் என்ற புகார் கிளம்பியது. 1692-ல் பதவி பறிபோனது. சேர்த்த செல்வம் அவரிடமே இருந்தது. 1718-ல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு 9 பொதி சரக்கும் 417 புத்தகங்களும் அனுப்பினார். நன்றிக்கடனாக அந்தக் கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அதுதான் இன்றைய யேல் பல்கலைக்கழகம்.

முதலில் வந்தது குழாய்
காட்டுமன்னார்கோவில் பக்கத்து வீராணம் ஏரியிலிருந்து சென்னைக்குக் குடிநீர் கொண்டுபோகும் பழைய திட்டத்துக்கு ராட்சதக் குழாய்கள் வந்து இறங்கின, தண்ணீர் போகவில்லை. ஆண்டுக்கணக்கில் சாலையோரம் கிடந்த குழாய்களுக்குள் வீடில்லாதவர்கள் குடியிருந்தார்கள். 1976-ல் அமைந்த சர்க்காரியா கமிஷன் விசாரித்த ஊழல் புகார்களில் வீராணம் ஒப்பந்தமும் ஒன்று. நீதிமன்றத்தில் எதுவும் நிரூபணமாகவில்லை. வீராணத்துத் தண்ணீர் சென்னையை எட்டியது 2004-ல், வேறு திட்டத்தில், வேறு குழாயில்.

ரசீதை வென்ற புகைப்படம்
விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயில் சுவரிலிருந்த அர்த்தநாரீஸ்வரர் கற்சிலை, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் நின்றது. அவர்கள் அதை 2004-ல் சிலை வியாபாரி சுபாஷ் கபூரிடம் வாங்கியிருந்தார்கள். ‘1970-ல் டில்லிக் கடையில் வாங்கியது’ என்று ஒரு ரசீதும் கூடவே வந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் 1974-ஆம் ஆண்டுப் புகைப்படத்திலோ சிலை கோயில் சுவரிலேயே இருந்தது. குட்டு உடைந்தது. 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஒரே அரசு, இரண்டு கட்டணம்
1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம், தேவைக்கு மேல் ஆயிரக்கணக்கில் ஊழியர்களைச் சேர்த்துச் சம்பளம் போடத் திணறியது. 2013-ல் தமிழக அரசு அதை ஏற்றது. உபரி ஊழியர்கள் மற்ற அரசு அலுவலகங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். ஆனால் அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் தனியார் காலத்துக் கட்டணம் அப்படியே நீடித்தது: எம்.பி.பி.எஸ். படிப்புக்கு ஆண்டுக்கு 5.44 லட்சம் ரூபாய்! மற்ற அரசுக் கல்லூரிகளில் அப்போது 13,610 ரூபாய்தான். மாணவர்கள் வாரக்கணக்கில் போராடிய பிறகு, 2021 தொடக்கத்தில் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறியது.

நிலமில்லாத ‘விவசாயிகள்’
பிரதமர் கிசான் திட்டத்தில் விவசாயிக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக. 2020-ல் பார்த்தால், தமிழ்நாட்டில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான தகுதியற்றவர்கள் பட்டியலில் ஏறியிருந்தார்கள். கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களின் பெயர் முன்வரிசையில் அடிபட்டது. அதிகாரிகளின் பாஸ்வேர்டு இடைத்தரகர் கைக்குப் போனதுதான் சூட்சுமம். போனது சுமார் 110 கோடி. விசாரணை சிபிசிஐடிக்குப் போனது. பணத்தை வசூலிக்க வேளாண் துறையினர் வீடுவீடாக ஏறி இறங்கினார்கள்.

மூட்டைக்கு இவ்வளவு
சிதம்பரம், புவனகிரி வட்டார விவசாயிகளின் தீராத புகார் இது. நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது கொள்முதல் நிலைய விதி. தாமதம்தான் அங்கே ஆயுதம். குவித்த நெல் இன்னும் இரண்டு நாள் கிடந்து ஒரு மழை பிடித்தால், மறுபடி உலர்த்த வேண்டும். அந்தக் கூலியைவிட, மூட்டைக்கு இத்தனை ரூபாய் என்று நிலையத்தில் கொடுத்துவிடுவது மலிவு. இன்னொரு வழியும் உண்டு: விவசாயி பெயரில் சிட்டா, அடங்கல் வாங்கி வியாபாரி தன் நெல்லைப் போட்டுவிடுவார்.

பாலம் தாண்டினால் விலை குறைவு
கடலூரிலிருந்து பெண்ணையாற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் முள்ளோடை, அது புதுச்சேரி. வரி வேறு, மதுபான விலையும் வேறு. அந்த வித்தியாசத்தை நம்பியே ஒரு கடத்தல் தொழில் நடக்கிறது. ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் போலீசுக்கு ஓய்வே கிடையாது.

காற்றைப் பிடித்த வாளி
கடலூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஈச்சங்காடு, குடிகாடு மக்கள் ரசாயன நாற்றத்தைப் பற்றிப் பல ஆண்டு புகார் சொன்னார்கள். 2004-ல் கிராமத்தினரே பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்துக் காற்று மாதிரி பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். காற்றில் நச்சு வாயுக்கள் இருப்பது தெரிந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் செய்திருக்க வேண்டிய வேலை!

நீரைச் சிவக்க வைக்கும் நோட்டு
லஞ்ச ஒழிப்புத் துறை நோட்டில் தடவும் ‘ரசாயனம்’ பினாப்தலின். வெள்ளைப் பொடி, கண்ணுக்குத் தெரியாது. வாங்கியவர் கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் நீர் இளஞ்சிவப்பாக மாறும். 2018 சட்டத் திருத்தப்படி லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம்.

பத்து ரூபாய்க் கேள்வி
2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். கோர்ட் ஃபீ வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வரவேண்டும். காரணமின்றி இழுத்தடிக்கும் அதிகாரிக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம். உங்கள் ஊர்க் கணக்கில் கொள்முதல் நிலையத்தில் எத்தனை மூட்டை நெல் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டு வாங்குங்கள். ஊரில் நெல் விளைந்த ஏக்கரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏக்கருக்கு எத்தனை மூட்டை காணும் என்று உங்களுக்கா தெரியாது?