குடலுக்குள் ஓர் ஊர் – 9: பால் மறக்கும் நாள்

காட்டுப்பன்றியின் குட்டி ஒரே நாளில் பால் மறப்பதில்லை. தாயின் மடியை முட்டும், மண்ணைக் கிளறும், கிழங்கையும் புழுவையும் தின்று பார்க்கும். மெல்ல மெல்ல விலக மூன்று மாதம் போல ஆகிவிடும். பண்ணைக் குட்டிக்கு அந்த அவகாசம் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 28 நாள். சில நிபந்தனைகளோடு 21 நாளிலேயே பிரிக்கலாம். காலையில் தாயோடு படுத்திருந்த குட்டி, மாலையில் முன்பின் தெரியாத குட்டிகளோடு வேறொரு கொட்டிலில், தானியத் தீவனத்தின் முன்னால் நிற்கிறது.

அன்றுவரை அதன் குடலில் செழித்தவை பால் சர்க்கரையை உண்டு வாழும் லாக்டோபாசில்லஸ், பாக்டீராய்ட்ஸ் போன்ற பாக்டீரியாக்கள். பால் நின்றால் அவற்றின் பிழைப்பும் போயிற்று. நாரை உடைக்கத் தெரிந்த பிரிவோடெல்லா பெருகத் தொடங்கும். ஆனால் நிலைகொள்ள ஓரிரு வாரமாவது வேண்டும். அந்த இடைவெளிதான் ஆபத்து. தாய்ப்பாலோடு வந்த நோய் எதிர்ப்புப் புரதங்கள் நின்றுவிட்டன, குட்டியின் சொந்த எதிர்ப்புச் சக்தியோ இன்னும் முற்றவில்லை. நச்சு சுரக்கும் ஈ.கோலை இப்போது பெருகினால் கழிச்சல் கண்டுவிடும். ஓடியாடிய குட்டி நீர் வற்றிச் செத்துப்போவதும் உண்டு.

கழிச்சலுக்குப் பயந்தும் எடை கூட்டவும் பல பத்தாண்டுகள் தீவனத்திலேயே ஆன்டிபயாடிக் கலந்தார்கள். அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் ஒரே ஈற்றுக் குட்டிகளைப் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும் மருந்துத் தீவனம் கொடுத்துப் பார்த்தனர். முடிவு 2012-இல் வெளியானது. 14 நாளில் புரோட்டியோபாக்டீரியா என்ற பெரும் பிரிவின் பங்கு 1 சதவீதத்திலிருந்து 11 சதவீதமாக ஏறியிருந்தது; ஏற்றத்துக்குக் காரணம் ஈ.கோலை. கொடுக்கவே கொடுக்காத மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்களும் கூடியிருந்தன. கவலைப்பட வேண்டியது இதற்குத்தான்.

தீவனமும் மருந்தும் மட்டுமல்ல, பிறவியும் குடலின் நுண்ணுயிர்களை மாற்றுகிறது. நம் இரத்த வகையைத் தீர்மானிக்கும் ஏ.பி.ஓ. மரபணு பன்றிக்கும் உண்டு. அதில் ஒரு துண்டு அறுந்திருந்தால் குடலில் ஒரு சர்க்கரை குறைகிறது, அதைத் தின்னும் பாக்டீரியாவும் குறைகிறது என்று சீன ஆய்வாளர்கள் 2022-இல் காட்டினார்கள். ஆனால் பிறவியை மட்டும் பார்த்தால் போதாது. சீனா, டென்மார்க், பிரான்ஸ் நாடுகளின் 287 பன்றிகளின் சாணத்திலிருந்து 77 லட்சம் நுண்ணுயிர் மரபணுக்களைத் தொகுத்த 2016-ஆம் ஆண்டு ஆய்வில், தீவன ஆன்டிபயாடிக்கை நிறுத்திய நாடுகளின் பன்றிகளில் மருந்தெதிர்ப்பு மரபணுக்கள் குறைவாக இருந்தன.

அந்த மூன்று நாடுகளில் முதலில் நிறுத்தியது டென்மார்க். 1998-இல் வளர்ந்த பன்றிகளுக்கு நிறுத்தினார்கள், பெரிய பாதிப்பில்லை. 1999 முடிவதற்குள் குட்டிகளுக்கும் நிறுத்தியபோது கழிச்சல் கூடியது. ஆன்டிபயாடிக்குக்கு மாற்றாக ஊன்றிக்கொண்டது துத்தநாக ஆக்சைடு: டன் தீவனத்துக்கு இரண்டரை கிலோ வரை துத்தநாகம், இரண்டு வாரம். கழிச்சல் அடங்கியது. ஆனால் துத்தநாகம் சாணத்தோடு வயலில் சேர்ந்தது, மருந்தெதிர்ப்புக்கும் துணைபோனது. ஜூன் 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதையும் தடைசெய்தது.

இவ்வளவு மாற்றியும் பெரும்பாலான பண்ணைகள் கைவைக்கத் தயங்கியது பால் மறக்கடிக்கும் நாளில்தான். ஐரோப்பாவின் இயற்கைவழிப் பண்ணைகளில் குட்டிக்குக் குறைந்தது 40 நாள் பால் கிடைத்தாக வேண்டும். அதற்குள் அது தாயின் தீவனத்தைக் கொறித்துப் பழகியிருக்கும். நாரை உடைக்கும் கூட்டமும் பால் நிற்பதற்கு முன்பே குடலுக்குள் குடியேறத் தொடங்கியிருக்கும்.